வாசகர் கேள்வி–பதில்: ஆறு மைல் சதுரத்துக்குள் ஓர் ஊர்

கேள்வி: அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியை விமானத்திலிருந்து பார்த்தால் வயல்களும் சாலைகளும் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன, வீடுகளோ தனித்தனியே தொலைவில் நிற்கின்றன. இதற்கு என்ன காரணம்?

பதில்: அந்தக் கட்டங்களைப் போட்டவர்கள் உழவர்கள் அல்லர், நிலத்தை விற்று வருவாய் தேட விரும்பிய அரசு. விடுதலைப் போரின் கடன்சுமையோடு இருந்த அமெரிக்கக் காங்கிரஸ், 1785-இல் இயற்றிய நிலச் சட்டத்தின் வழியே, ஒஹாயோ ஆற்றங்கரையில் தொடங்கி மேற்கு நோக்கி நிலத்தை ஆறு மைல் நீள அகலமுள்ள டவுன்ஷிப்களாக அளக்க ஏற்பாடு செய்தது. ஒரு டவுன்ஷிப்பில் 36 செக்‌ஷன்கள் உண்டு. ஒரு செக்‌ஷன் என்பது ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு சதுப்பு, காடு, புல்வெளி என்று பாராமல் அளந்து சென்றார்கள். மின்னசோட்டா மாநிலத்தின் தென்பகுதியில் அந்த நிலம் டகோட்டா என்னும் பூர்வகுடி மக்களுடையது. 1851-இல் செய்துகொண்ட ஒப்பந்தங்களின் பெயரால் அது அவர்களிடமிருந்து போயிற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீடுகள் சிதறிக் கிடப்பதற்கு 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டமும் ஒரு காரணம். கால் செக்‌ஷனாகிய 160 ஏக்கரைப் பெற விரும்பியவர், அந்த நிலத்திலேயே வீடு கட்டி ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிட வேண்டும் என்று அது நிபந்தனை விதித்தது. ஆகவே வீடுகள் ஒரே தெருவில் சேர்ந்து அமைய வழியில்லாமல் போயிற்று. சாலைகள் பெரும்பாலும் செக்‌ஷன் எல்லைகளிலேயே மைலுக்கு ஒன்றாக ஓடுகின்றன. நேராகப் போகும் சாலை வயலுக்கு நடுவே திடீரென ஒரு பக்கம் திரும்பி, சற்றுத் தள்ளி மறுபடி நேராவதும் உண்டு. உருண்டையான பூமியில் தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்கிவிடுவதால், அளவையாளர்கள் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை கணக்கைச் சரிசெய்ததன் தழும்பு அது.

கேள்வி: இவ்வளவு சிறிய பகுதிக்குத் தனி ஆட்சி உண்டா?

பதில்: மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அயோவாவில் டவுன்ஷிப்பின் வேலை தீயணைப்பு, கல்லறைப் பராமரிப்பு முதலியவற்றோடு அடங்கிவிடுகிறது. மின்னசோட்டாவிலோ அது இன்னும் உயிருள்ள உள்ளாட்சி. பெரும்பாலும் மூன்று மேற்பார்வையாளர்களும், ஓர் எழுத்தரும், ஒரு பொருளாளரும் பொறுப்பில் இருப்பார்கள். மார்ச் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை நடக்கும் ஆண்டுக் கூட்டத்துக்கு வாக்காளர் எவரும் வரலாம். வந்தவர்கள் தங்களுள் ஒருவரையே அவைத்தலைவராகத் தேர்ந்து, டவுன்ஷிப் வரி எவ்வளவு என்பதைத் தாங்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். பேச்செல்லாம் சரளைச் சாலையைப் பற்றியும், சாலையைச் சமன்படுத்தும் கிரேடர் இயந்திரத்தை ஓட்டும் கூலியைப் பற்றியும், பனி அள்ளும் செலவைப் பற்றியுமாக இருக்கும். பெரிய கொள்கை எதுவும் அங்கே அலசப்படுவதில்லைதான். ஆனால் தன் வீட்டு வாசலுக்கு வரும் சாலைக்குத் தானே வரி விதித்துக்கொள்ளும் உரிமை எத்தனை நாட்டுக் குடிமக்களுக்குக் கிடைத்திருக்கிறது?

கேள்வி: அண்டைவீடே கண்ணுக்கு எட்டாத இடத்தில் மக்கள் எங்கே கூடுகிறார்கள்?

பதில்: ஒரு காலத்தில் பள்ளியில். 1785-ஆம் ஆண்டுச் சட்டமே 16-ஆவது செக்‌ஷனைப் பள்ளிக்கென ஒதுக்கியது. மின்னசோட்டாவுக்கு 36-ஆவதும் சேர்ந்து கிடைத்தது. ஓரறைப் பள்ளிகள் இருபதாம் நூற்றாண்டில் இணைக்கப்பட்டு மூடப்பட்டபின், அவற்றில் சில டவுன்ஷிப் கூட்ட அரங்குகளாயின. இன்று தேவாலய விருந்து, கோடையில் 4-ஹெச் என்னும் இளையோர் அமைப்பின் சிறுவர் சிறுமியர் தாங்கள் வளர்த்த கன்றையும் பன்றியையும் குளிப்பாட்டிக் கொண்டுவரும் கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பிரிவு) கண்காட்சி, அறுவடைக் காலத்தில் சோளமும் சோயாவும் ஏற்றிய லாரிகள் வரிசை கட்டும் தானியக் கிடங்கு ஆகியவையே சந்திக்கும் இடங்கள். தன்னார்வத் தீயணைப்புப் படையினர் நிதி திரட்ட நடத்தும் பான்கேக் காலைவிருந்துக்குக் கூட்டம் நிறையவே வரும். பண்ணைகள் பெரிதாகிக் குடும்பங்கள் குறைந்துவிட்டதால், அந்தப் படைக்குப் பகல் நேரத்தில் ஆள் கிடைப்பதுதான் இப்போது பெரும்பாடு. சொந்தப் படை இல்லாத டவுன்ஷிப்கள் பக்கத்துச் சிறுநகரத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, அதற்கான தொகையையும் அந்த மார்ச் மாத வரியிலிருந்தே கட்டுகின்றன.