ராத்திரி ரெண்டு மணிக்கு யார் வீட்டு கதவ தட்டுவீங்க?

கேரளால பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. உடுமலைல இருந்து குடிவந்து ஒன்றரை வருஷம் ஆச்சாம், வீட்டுக்காரருக்கு கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனில ஷிப்ட் வேலை, மாமியார் கூட இருக்காங்க, பையனுக்கு 11 வயசு பொண்ணுக்கு 6. "போன மாசம் அவர் நைட் ஷிப்ட் போயிருந்தப்ப பொண்ணுக்கு காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துடுச்சுங்க, யார கூப்பிடறதுன்னே தெரியல, அக்கம்பக்கத்துல ஒருத்தர் நம்பர் கூட என்கிட்ட இல்ல. வீட்டுக்குள்ளயும் ஆளுக்கொரு போன் ஆளுக்கொரு மூலைன்னு ஆயிடுச்சு. எங்க குடும்பம் எப்படி திடமாகும்?"

முதல்ல அந்த ராத்திரி விஷயம். அடுத்த தடவை யோசிக்காம 108 கூப்பிடுங்க, வண்டி வர்ற வரைக்கும் குழந்தைய ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில ஸ்பூனோ தண்ணியோ எதுவும் வைக்காதீங்க. இது வரைக்கும் டாக்டர்கிட்ட காட்டலைன்னா நாளைக்கே காட்டிடுங்க.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். நான் கொழிஞ்சாம்பாறை இருக்கற இந்த சித்தூர் தாலுக்கால ரொம்ப வருஷமா குடும்பங்களோட பேசிட்டு இருக்கேன், உள்ளுக்குள்ள சண்டையே இல்லாத வீடும் ஒரு அடி விழுந்தா ஆடிப்போறத பாத்திருக்கேன், தினமும் சத்தம் கேக்கற வீடு தாக்கு பிடிக்கறதையும் பாத்திருக்கேன், வித்தியாசம் பெரும்பாலும் எங்க இருக்குன்னா அந்த வீட்டுக்கு வெளிய இருந்து எத்தன பேரு உரிமையா உள்ள வர்றாங்கங்கறதுலதான். 2020ல லாக்டவுன் போட்டப்ப தமிழ்நாட்டு எல்லைல வேலந்தாவளம் கோபாலபுரம் செக்போஸ்ட் எல்லாம் அடைச்சாங்களே ஞாபகம் இருக்கா, நீங்க அப்ப அந்த பக்கம் இருந்திருப்பீங்க. இங்க நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு சொந்தம் பூரா பொள்ளாச்சி கிணத்துக்கடவுன்னுதான், கூப்பிடு தூரம், ஆனா ஒருத்தரும் வர முடியல. அப்ப மாத்திரை வாங்கி கொடுத்தது, அரிசி கொண்டு வந்தது எல்லாம் பக்கத்து வீட்டு சேச்சியும் எதிர் வீட்டு அண்ணனும்தான். சொந்தம் எல்லைக்கு அந்த பக்கம் இருந்தா இந்த பக்கமும் நாலு பேரு வேணும்ங்க.

இதுக்கு எப்படி ஆரம்பிக்கறது? எல்லாரும் பலகாரம் செஞ்சு கொடுங்கன்னு சொல்வாங்க, கொடுங்க, நல்லதுதான். ஆனா என் அனுபவத்துல அதவிட சீக்கிரம் வேலை செய்யறது போய் ஏதாவது கேக்கறது. கொஞ்சம் கறிவேப்பிலை, ஒரு ஸ்பானர், "பொண்ண பத்து நிமிஷம் பாத்துக்கறீங்களா"ன்னு ஒரு கேள்வி. நாம கேட்டாத்தான் அவங்களுக்கும் நம்மகிட்ட கேக்க கூச்சம் போகும். நம்ம ஆளுங்களுக்கு யாருக்கும் தொந்தரவு கொடுக்கக்கூடாதுன்னு ஒரு வைராக்கியம் இருக்கு பாருங்க, அதுதான் பக்கத்து வீட்ட தூரமாக்கிடுது. மலையாளம் சரியா வரலன்னு தயங்காதீங்க, இந்த பக்கம் நெறைய பேரு வீட்ல தமிழ்தான், மத்தவங்கள்லயும் பல பேருக்கு தமிழ் புரியும்.

இன்னொரு வழி ரெடியாவே இருக்கு. குடும்பஸ்ரீன்னு கேரள அரசோட பெண்கள் சுயஉதவி திட்டம் 1998ல இருந்து நடக்குது, உங்க வார்டுலயும் கண்டிப்பா அதோட அயல்கூட்டம், அதாவது அக்கம்பக்கத்து குழு இருக்கும், பத்துல இருந்து இருபது வீட்டு பொம்பளைங்க வாராவாரம் ஒரு வீட்ல கூடுவாங்க. நெறைய பேரு லோனுக்காக மட்டும் சேர்றாங்க, நான் உங்கள சேர சொல்றது லோனுக்கு இல்ல. வாரம் ஒரு மணி நேரம் உங்க தெருவுல பத்து பேரு முகம் பாத்து உக்காருவீங்க, ஒரு வாரம் போகலன்னா "ஏன் வரல"ன்னு ஒருத்தர் கேட்டு வருவாங்க, அதுக்குதான். ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான் மெம்பர். மாமியாருக்கு வயசானவங்க அயல்கூட்டம் பல இடத்துல இருக்கு, குழந்தைங்களுக்கு பாலசபான்னு தனி குழு இருக்கு. வார்டு மெம்பர்கிட்டயோ ஆஷா ஒர்க்கர்கிட்டயோ கேளுங்க, ரேஷன் கார்டு இன்னும் மாத்தலையேன்னு வீட்லயே உக்காந்துடாதீங்க, என்ன செய்யணும்னு அவங்களே சொல்வாங்க.

பையன் விஷயம்தான் எனக்கு கொஞ்சம் கவலை. 11 வயசுல ஊரு மாறி, பிரெண்ட்ஸ் போயி, கிளாஸ்ல வேற பாஷை, அவன் போனுக்குள்ள போகாம வேற எங்க போவான் சொல்லுங்க. ஹவாய் தீவுகள்ல கவாய்னு ஒரு தீவு, அங்க 1955ல பிறந்த 698 குழந்தைங்கள எம்மி வெர்னர்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவங்க கூட இருந்தவங்களும் பல வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. வறுமை, வீட்ல பிரச்சனைன்னு கஷ்டத்துலயே வளந்த குழந்தைங்கள்ல கூட மூணுல ஒருத்தர் நல்லா தெளிவா வளந்தாங்க, அதுக்கு காரணமா பாத்ததுல ஒண்ணு அப்பா அம்மாவ தவிர அக்கறையா பாத்துக்க வேற ஒரு பெரியவங்க இருந்தது. பாட்டியா இருக்கலாம், டீச்சரா இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரா இருக்கலாம். உங்க பையனுக்கு அப்படி ஒருத்தர தேடுங்க, வாயனசாலைல (ஊர் படிப்பகம்) கேரம் ஆடற அண்ணனோ, புட்பால் சொல்லித்தர்றவரோ, யாரா இருந்தாலும் முதல்ல நீங்க போய் பழகி நம்பிக்கை வந்தப்புறம் விடுங்க. ஸ்கூல்ல மலையாளம் ரொம்ப திணறினா தமிழ் மீடியம் இருக்கற ஸ்கூலு நம்ம தாலுக்காலயே இருக்கு, விசாரிங்க.

போன பிடுங்கி வைக்கறதால மட்டும் ஒண்ணும் ஆகாதுங்க, அந்த இடத்துல வேற ஏதாவது வேணும். ஷிப்ட் வீட்ல எல்லாரும் ராத்திரி சேந்து சாப்பிடறது நடக்காது, அத நெனச்சு குத்த உணர்ச்சி வேண்டாம். அவரு நைட் முடிச்சு வர்ற வாரம் ஸ்கூல் கிளம்பறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் எல்லாரும் தரைல உக்காந்து இட்லி சாப்பிடுங்க, போனெல்லாம் டிவி மேல. மத்த வாரம் ராத்திரி. நேரம் மாறலாம், தவறக்கூடாது, அவ்வளவுதான்.

மாமியார பேச விடுங்க, அவங்ககிட்ட இருக்கறது சும்மா பழங்கதை இல்ல. அமெரிக்கால எமரி யுனிவர்சிட்டில மார்ஷல் டியூக், ராபின் பிவுஷ்னு ரெண்டு பேரு குழந்தைங்ககிட்ட குடும்பத்த பத்தி 20 கேள்வி கேட்டாங்க, தாத்தா பாட்டி எங்க வளந்தாங்க, அப்பா அம்மா எப்படி சந்திச்சாங்க இந்த மாதிரி. நெறைய தெரிஞ்ச குழந்தைங்களுக்கு தன்னம்பிக்கை அதிகமா இருந்துச்சு. இதுக்காக பையன மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, கதை சொல்றப்ப பக்கத்துல உக்காந்து இருக்கறதுலதான் விஷயம். கிணறு வெட்டி தண்ணி வராம போன கதை, கடன் வாங்கி மறுபடி எந்திரிச்ச கதை, அதையும் சொல்ல சொல்லுங்க, ஜெயிச்சது மட்டும் வேண்டாம்.

பையன் ரெண்டு வாரத்துக்கு மேல சரியா தூங்காம சாப்பிடாம ஸ்கூலுக்கும் போகமாட்டேன்னு இருந்தா, இல்ல உங்களுக்கே எதுலயும் மனசு ஒட்டலன்னா, 14416 கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் ப்ரீ, தமிழ்லயே பேசலாம். வீட்ல அடி உதை ஏதாவது இருந்து எழுத சங்கடப்பட்டிருந்தா பெண்கள் ஹெல்ப்லைன் 181 கூப்பிடுங்க, அதுக்கு நான் மேல சொன்னது எதுவும் மருந்து இல்ல.

இன்னைக்கு ஒரு வேலை மட்டும் செய்ங்க. ஒரு பேப்பர்ல நாலு வரி போட்டு பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்பிடக்கூடிய நாலு பேரு, நடந்து வர்ற தூரத்துல இருக்கணும். இப்போதைக்கு ஒரு பேரும் இல்லன்னாலும் ஒட்டுங்க. முதல் பேரு எதிர் வீடா இருக்கட்டும், நாளைக்கு சாயங்காலம் ஒரு கரண்டி ஒறைமோர் கேட்டு போங்க, வர்றப்ப நம்பரும் வாங்கிட்டு வாங்க. நாலாவது வரி நிரம்ப ஆறு மாசம் ஆனாலும் பரவால்ல, இடத்த விட்டு வைங்க.