பச்சைச் சேலைக்குப் பச்சை இமையா?

கேள்வி: அக்கா, அடுத்த மாதம் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் என் தங்கச்சி கல்யாணம். மயில்பச்சைப் பட்டு எடுத்திருக்கிறேன். வெளிர் பச்சை ஐ ஷேடோ போட்டுப் பார்த்தேன், சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது. நான் நல்ல கறுப்பு. எனக்கு இதெல்லாம் ஒத்துவராதா?
– வாசகி, செந்தூல்

பதில்: யாரும்மா அப்படிச் சொன்னது? குற்றம் உங்கள் தோலில் இல்லை, அந்தப் பவுடரில்தான். வெளிர் நிறங்களில் வெள்ளை அதிகம் கலந்திருக்கும். கறுத்த இமையில் அது சாம்பலாகத்தான் தெரியும்.

உங்களுக்கு நான் எடுப்பது செம்பு நிறம். புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம் வெயிலில் மின்னுமே, அதே மின்னல். முதலில் இமையில் பிரைமரை, அதாவது நிறம் ஒட்டி நிற்க உதவும் அடிப்பூச்சை, மெல்லிசாகத் தடவுங்கள். நம் கோலாலம்பூர் புழுக்கத்தில் அது இல்லாவிட்டால் தாலி கட்டும் முன்பே நிறம் இமை மடிப்பில் திரண்டுவிடும். கண்ணைத் திறந்தபடி கண்ணாடியை நேராகப் பார்த்து, மடிப்புக்குச் சற்று மேலே மினுக்கமில்லாத காப்பிப்பொடி நிறத்தைப் பிரஷால் இழையுங்கள். விளிம்பு தெரியாமல் கரைய வேண்டும், அவசரப்படாதீர்கள். பிறகு செம்பை மோதிர விரலால் இமை நடுவில் ஒற்றுங்கள். தேய்த்தால் உதிரும்.

பச்சை ஆசையை விடவேண்டாம். அடர்பச்சையைக் கீழ் இமையோரம் ஒரு கோடாக இழுங்கள், சேலையோடு பேசும்.

கண் அலங்காரத்தை முடித்த பிறகே முகத்துக்கு ஃபவுண்டேஷன். உதிர்ந்த தூளை முதலில் துடைத்துவிடலாம். ஓமப் புகையில் கண் கலங்கும், அதனால் மஸ்காரா வாட்டர்புரூஃபாக இருக்கட்டும்.