பார்க்கைப் பூட்டினா பார்க்கிங்கும் போகும்

ஒரு வாசகர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கார், சுருக்கினா இதான். சென்னையில 160 வீடு இருக்குற அப்பார்ட்மெண்ட், ரோடு போக நிலம் 12,000 சதுர மீட்டர். புரோஷர்ல "குடியிருப்போருக்கு மட்டுமேயான பிரைவேட் பார்க்"னு போட்டு வித்திருக்காங்க. நாலு வருஷமா அசோசியேஷன் காசுல புல்லு, வேப்பங்கன்னு, ஊஞ்சல், லைட்டுன்னு 8 லட்சம் போட்டிருக்காங்க. போன மாசம் மாநகராட்சி ஆளுங்க வந்து ரோட்டுப் பக்க கேட்டோட பூட்டை உடைச்சு "ஓஎஸ்ஆர் நிலம், பொதுமக்கள் பயன்பாட்டுக்கு"ன்னு போர்டு நட்டுட்டாங்க. ஓஎஸ்ஆர்னா பெரிய பில்டிங் கட்டறவங்க ஊருக்குன்னு விட்டுத் தர வேண்டிய திறந்தவெளி நிலம். இப்ப பக்கத்துத் தெரு பசங்க வந்து கிரிக்கெட் ஆடுறாங்க, பில்டர் போனை எடுக்கறதில்ல. ஸ்டே வாங்கலாமா, இல்ல கைடுலைன் வேல்யூ (அரசு வழிகாட்டி மதிப்பு) கட்டிட்டு இடத்தை நாங்களே எடுத்துக்கலாமான்னு கேக்கறார்.

சார், வேப்பங்கன்னுக்கு யார் தண்ணி ஊத்தினாங்க, பந்து பட்டு எந்த வீட்டு கண்ணாடி போச்சு, இதெல்லாம் கோர்ட்டுக்கு வேண்டாத கதை. ஒரே கேள்விதான், உங்க நிலத்துல 10 சதவீதமான அந்த 1,200 சதுர மீட்டருக்கு மாநகராட்சி பேர்ல கிஃப்ட் டீட் (தானப் பத்திரம்) ரிஜிஸ்டர் ஆயிருக்கா? ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பாருங்க, கண்டிப்பா ஆயிருக்கும், ஏன்னா பிளான் அப்ரூவல் கையில கிடைக்கறதுக்கு முன்னாடியே அதை எழுதி வாங்கிடறதுதான் வழக்கம். அதாவது உங்க சேல் டீடுக்கு முன்னாடியே அந்த இடம் கை மாறியாச்சு, பில்டர் தனக்கு சொந்தமில்லாத புல்வெளியை படம் புடிச்சு உங்களுக்கு காட்டியிருக்கார்.

கைடுலைன் வேல்யூ கட்டறதுன்னு யாரோ அரைகுறையா சொல்லிக் கொடுத்திருக்காங்க. சைட் 3,000 சதுர மீட்டர் வரைக்கும் ஓஎஸ்ஆரே கிடையாது. 3,000ல இருந்து 10,000 வரைக்கும்தான் 10 சதவீத நிலத்தை விடுறதுக்கு பதிலா பணமா கட்டற வழி இருக்கு, அதுலயும் முதல் 3,000த்த கழிச்சுட்டு கணக்கு போடுவாங்க. 10,000த்த தாண்டிட்டா நிலமாத்தான் தரணும், பணம் வாங்கவே விதி இடம் தரல. உள்ளாட்சி தன் கைக்காசு போடாம ஊருக்கு பார்க் சேக்கற வழியே இதுதான், பில்டர் தலையில வைக்கற மாதிரி வைப்பாங்க, அவர் அதை வீட்டு விலையில ஏத்தி உங்க தலையில வச்சிடுவார். இது நியாயமான்னு கேட்டா நாள் முழுக்க பேசலாம், ஆனா 2023 பிப்ரவரியிலயே உச்ச நீதிமன்றம் இந்த விதி செல்லும், அரசியலமைப்போட 300ஏ பிரிவு தர்ற சொத்துரிமைக்கு விரோதம் இல்லன்னு சொல்லி முடிச்சிடுச்சு, அதுவும் சென்னை அப்பார்ட்மெண்ட் கேஸ்லதான். பார்க் நிலத்தை மாநகராட்சிக்கு இலவசமா தர வேண்டாம்னு சொன்ன பழைய டெல்லி தீர்ப்பை எடுத்துட்டு யாராவது வந்தா நம்பாதீங்க, இலவசமா எழுதி வாங்க அந்த ஊர் மாநகராட்சி சட்டத்துல வழியில்லாததால வந்த தீர்ப்பு அது.

இப்ப நான் பயப்படற இடத்துக்கு வரேன். உங்க மாதிரி ஒரு அசோசியேஷன் நான் வேண்டாம்னு சொல்லியும் வேற வக்கீல் வச்சு ரிட் போட்டாங்க, பொதுமக்கள் உள்ள வரக்கூடாதுன்னு. உள்ளாட்சி தரப்புல பதில் மனு போடறதுக்கு முன்னாடி சர்வேயர் வந்து செயினை இழுத்து அளந்தார், ஸ்கெட்ச் வந்து பாத்தா ஜெனரேட்டர் ரூம் முழுசும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தோட ஒரு ஓரமும், விசிட்டர் பார்க்கிங்ல 9 வண்டி நிக்கற இடமும் ஓஎஸ்ஆர் நிலத்துல இருக்கு! அதுவரைக்கும் எந்த அதிகாரியும் அந்தப் பக்கம் எட்டிக்கூட பாத்ததில்ல, இவங்களே கூப்பிட்டு அளக்க வச்ச மாதிரி ஆச்சு. கேட்டது தடை, கிடைச்சது ஆக்கிரமிப்பை எடுங்கன்னு உத்தரவு. ஜெனரேட்டரை நகத்த இடமில்ல, ஏன்னா ஓஎஸ்ஆர் நிலம் செட்பேக்கோட (பில்டிங்கைச் சுத்தி காலியா விட வேண்டிய இடம்) சேராது, செட்பேக்ல வச்சா அது தனி விதிமீறல், தீயணைப்பு வண்டி சுத்தற வழியும் அடைபடும். லிப்ட் பவர் கட்ல நின்னுடும்னு ஆறு மாசம் அலைஞ்சாங்க. நோட்டீஸ்ல செக்ரட்டரி பேரு வேற இருந்தது, பாவம் மனுஷன் ரிட்டயர்ட் ஆனவர், எலெக்‌ஷன்ல யாரும் நிக்கலன்னு பதவிக்கு வந்தவர்.

அதனால ரிட் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி அப்ரூவ்ட் பிளான் காப்பியும் கிஃப்ட் டீட் காப்பியும் வாங்கி, தனியா ஒரு சர்வேயர் வச்சு சத்தமில்லாம அளந்து பாருங்க. உங்க டிரான்ஸ்பார்மரோ பம்ப் ரூமோ கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அடி இருந்தாலும் இந்த ஜென்மத்துல அந்த நிலத்தைப் பத்தி கோர்ட்டுக்கு போகாதீங்க.

இன்னொரு பொறி இருக்கு. நாலு வருஷமா அனுபவிக்கறோம், எதிரிடை அனுபவம்னு, அதாவது ரொம்ப வருஷம் அனுபவிச்சதாலயே நிலம் எங்களோடதுன்னு கேக்கலாமேன்னு கமிட்டியில ஒருத்தர் சொல்லுவார், எல்லா கமிட்டியிலயும் ஒருத்தர் இருக்கார். அதைக் கேக்கணும்னா முதல்ல நிலம் மாநகராட்சியோடதுன்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும், அப்புறம் நாலு வருஷம் எந்த மூலைக்கு?

உங்களுக்கு உண்மையில கேஸ்னு ஒண்ணு இருந்தா அது பில்டர் மேல, அதுவும் பார்க் போச்சேன்னு இல்ல, யூடிஎஸ்ல, அதாவது நிலத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிபடாத பாகத்துல. சேல் டீட் ஷெட்யூலை எடுத்துப் படிங்க. பிரிபடாத பாகம் 12,000த்துல போட்டிருக்கா, 10,800லயா? எல்லாருக்கும் சமமா வச்சுக்கிட்டா 12,000த்துல வீட்டுக்கு 75 சதுர மீட்டர், கிஃப்ட் கொடுத்தது போக 67.5 தான், அதாவது வீட்டுக்கு 7.5 சதுர மீட்டர், சுமார் 80 சதுர அடி இல்லாத நிலத்தை வித்திருக்கார்னு அர்த்தம். நாளைக்கு பில்டிங்கை இடிச்சு கட்டறப்ப இதான் அடிதடியா வரும். 10,800லயே சரியா போட்டிருந்தா ஃபைலை மூடிடுங்க, புரோஷரை மட்டும் வச்சுக்கிட்டு பெருசா ஒண்ணும் வராது.

12,000த்துல போட்டிருந்தாலும் நுகர்வோர் கோர்ட்டுக்கு 2 வருஷம்தான் கெடு, இப்பதான் எங்களுக்கு தெரியும்னு சொன்னா ரிஜிஸ்டர் ஆன பத்திரம் ஊருக்கே தெரிஞ்ச விஷயம்னு எதிர்த்தரப்பு மடக்கும். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 18(2)ல டைட்டில் குறைக்கு கெடு கிடையாது, அதுக்குள்ள இதைக் கொண்டு வந்து வாதாடலாம், ஜெயிக்கும்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். நான் உங்க வக்கீலா இருந்தா ரெரா மனுவை ரெடி பண்ணி அதோட காப்பியோட பில்டருக்கு நோட்டீஸ் விட்டு, உங்க பில்டிங்குக்கும் பார்க்குக்கும் நடுவுல ஒரு காம்பவுண்ட் சுவரும், அசோசியேஷன் கார்ப்பஸுக்கு (சேமிப்பு நிதி) ஒரு தொகையும், யூடிஎஸ் திருத்தப் பத்திரத்துக்கு முழு செலவும் கேட்டு உக்காந்து பேசி முடிச்சிருப்பேன். அவர் அடுத்த புராஜெக்ட் விக்கற நேரமா பாத்து நோட்டீஸ் விடுங்க, போனை எடுப்பார்.

மாநகராட்சிகிட்ட சண்டை வேண்டாம், மண்டல அலுவலகத்துல பராமரிப்பை நாங்க பாத்துக்கறோம்னு எழுதிக் கேளுங்க. காலையிலயும் சாயங்காலமும் இத்தனை மணிக்கு திறக்கறது, கிரிக்கெட் ஆடக்கூடாதுன்னு போர்டு, ராத்திரி பூட்டறது, இதெல்லாம் அந்த உத்தரவுலயே வாங்கிக்கலாம். ஒரு விஷயத்துல உங்களுக்கு பலம் இருக்கு, பார்க்குன்னு விட்ட இடத்தை அவங்களும் வேற எதுக்கும் தர முடியாது, பெங்களூர்ல பார்க் இடத்தை தனியார் ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கினது செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் 1991லயே சொல்லியிருக்கு. உடைச்ச கேட்ல புதுப் பூட்டு மாட்டியிருந்தீங்கன்னா இன்னிக்கே கழட்டிடுங்க, சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்குன்னு யாரும் வாட்ஸ்அப் குரூப்ல எழுதி வைக்காதீங்க.