ஒரு திருட்டுப் பிரதிக்காக எல்லோரையும் கண்காணிப்பதா?

கேள்வி: திரைப்படங்களும் புத்தகங்களும் இணையத்தில் திருடப்படுவதைத் தடுக்க, இணைய இணைப்பு தரும் நிறுவனங்களே வாடிக்கையாளர்களின் பதிவிறக்கங்களைக் கண்காணித்தால் என்ன? தவறு செய்யாதவர்கள் ஏன் அஞ்ச வேண்டும்?

பதில்: உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. இந்த இதழ் கடைக்கு வரும் நாளிலேயே முழுவதும் பிடிஎஃப் கோப்பாகி ஏதேனும் ஓர் இணையதளத்தில் ஏறிவிடுகிறது. ஆனாலும் நீங்கள் சொல்லும் வழியை என்னால் ஏற்க முடியவில்லை.

இதே யோசனை பெல்ஜியத்தில் நீதிமன்றம் ஏறியது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமத்தொகை வசூலித்துத் தரும் சபாம் என்ற சங்கம், ஸ்கார்லெட் என்ற இணைய நிறுவனத்தின் மீது 2004-இல் வழக்குத் தொடுத்தது. வாடிக்கையாளர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் கோப்புகளில் சங்கத்துக்கு உரிமையுள்ள இசை இருந்தால் அதைத் தடுக்க வேண்டும் என்று 2007-இல் பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றம் அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் விவகாரம் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போயிற்று. எல்லா வாடிக்கையாளர்களையும், கால வரம்பின்றி, நிறுவனத்தின் செலவிலேயே கண்காணிக்கும் வடிகட்டி மென்பொருளைப் பொருத்துமாறு உத்தரவிடக் கூடாது என்று அது 2011 நவம்பர் 24 அன்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பின் காரணங்களை நீங்கள் பொறுமையாக எண்ணிப் பார்க்க வேண்டும். உரிமையுள்ள ஒரு பாட்டைப் பிடிப்பதற்கு எல்லோருடைய பரிமாற்றங்களையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். சந்தேகத்துக்கு உரியவரை மட்டும் பார்ப்பது அந்த வடிகட்டியால் ஆகாது, ஏனெனில் பார்த்த பிறகுதான் யார்மீது சந்தேகம் கொள்வது என்றே தெரியும். அப்படிப் பார்க்கும்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து (ஓர் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) எது போயிற்று என்ற தனிப்பட்ட தகவலும் திரட்டப்படுகிறது. மேலும், வடிகட்டிக்குப் பாட்டை அடையாளம் காணத் தெரியுமே தவிர, அனுமதியை அடையாளம் காணத் தெரியாது. விமர்சனத்துக்காக எடுத்தாண்ட பகுதி, படைப்பாளியே இலவசமாக வெளியிட்டது, ஒரு நாட்டில் உரிமைக்காலம் முடிந்து இன்னொரு நாட்டில் முடியாதது ஆகிய எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

பிரான்ஸிலும் 2009-இல் எச்சரிக்கைக்குப் பிறகு இணைய இணைப்பையே துண்டிக்கும் அதிகாரத்தை ஓர் அரசு அமைப்புக்குக் கொடுக்க முயன்றார்கள். நீதிபதி இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று அந்நாட்டின் அரசியலமைப்பு மன்றம் அதே ஆண்டு ஜூனில் தடுத்தது.

தவறு செய்யாதவர் ஏன் அஞ்ச வேண்டும் என்கிறீர்கள். தன் நோயைப் பற்றி இரவில் தேடிப் படிப்பவரும், வழக்கறிஞருக்கு ஆவணம் அனுப்புபவரும், தான் வேலை பார்க்கும் இடத்தில் நடக்கும் முறைகேட்டை எங்களைப் போன்ற பத்திரிகைக்குத் தெரிவிப்பவரும் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் அவர்கள் அனுப்புவதை இன்னொருவர் பிரித்துப் பார்க்க அவர்கள் எப்போது சம்மதித்தார்கள்? இன்று பாட்டுக்காகப் பொருத்தும் வடிகட்டிக்கு நாளை வேறு பட்டியலைக் கொடுப்பது மிகச் சிறிய வேலை.

நம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம் வேறு வழியைத் தருகிறது. உரிமையாளர் குறிப்பிட்ட பிரதியைச் சுட்டி எழுத்துமூலம் புகார் அளித்தால், அந்தப் பிரதியை எட்டுவதற்கு இணையத்தில் வழி தரும் இடைநிலை நிறுவனம் 21 நாள்களுக்கு அதற்கான அணுகலை நிறுத்த வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் அனுமதிக்கலாம். நாங்களும் எங்கள் இதழ் எந்தப் பக்கத்தில் ஏறியிருக்கிறது என்று தேடிப் பிடித்து, அதை மட்டும் சுட்டிப் புகார் அனுப்புகிறோம். ஒவ்வோர் இதழுக்கும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும் அலுப்பான வேலை அது.