அம்மாவுக்குக் கூட்டம் பிடிக்காதாம்

கேள்வி: எங்கள் அப்பாவுக்கு அடுத்த மாதம் தொண்ணூறு வயது நிறைகிறது. மலாயா அவசரகாலத்தில் எங்கள் ஊருக்கு வெளியே இருந்த பிரிட்டிஷ் ராணுவ முகாமில் காண்டீன் வேலை பார்த்தவர். தன் பிறந்தநாளை அந்த முகாமின் சனிக்கிழமை இரவைப் போலவே நடத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறார். திரை கட்டிப் படம், எண்களைக் கூப்பிட்டு ஆடும் தம்போலா ஆட்டம், பேண்டு வாத்தியம், முட்டை ரொட்டி எல்லாம் வேண்டுமாம். கோயில் மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டேன். என் தம்பியோ, வெள்ளைக்காரனுக்குக் கிளாஸ் கழுவிய கதையை மேடை போட்டுக் கொண்டாட வேண்டுமா என்று சண்டை பிடிக்கிறான். தங்கை அப்பா பக்கம். அம்மா அன்றைக்குச் செம்மோரில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்கிறார். அவருக்குக் கூட்டம் பிடிக்காது. விழாவை நடத்தலாமா, விட்டுவிடலாமா?
— மூத்த மகன், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: ஐயா, அப்பாவின் ஆசை பெரிதா, தம்பியின் மானம் பெரிதா என்று தீர்ப்புக் கேட்டு வரும் கடிதங்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. உங்கள் கடிதமும் அந்தக் கட்டில் சேர வேண்டியதுதான். ஆனால் அதில் ஒரு வரி என்னை மேலே படிக்க விடவில்லை. எட்டுப் பக்கக் கடிதத்தை இங்கே சுருக்கி வெளியிட்டிருக்கிறேன். அந்த எட்டுப் பக்கத்திலும் எண்பத்தேழு வயதான உங்கள் தாயார் ஒரே இடத்தில்தான் இந்த விழாவோடு சேர்ந்து வருகிறார். அவருக்குக் கூட்டம் பிடிக்காது என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, அடுத்த வரியில் பேண்டுக்காரர்களின் கட்டணத்துக்குப் போய்விட்டீர்கள்.

அதே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் இந்த வயதிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக் கொடுப்பவர் என் அம்மா என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பேரன் திருமணத்தில் அறுநூறு பேருக்கு நடந்த விருந்தில் கடைசிப் பந்தி வரை மண்டபத்திலேயே இருந்ததையும் நீங்களே சொல்கிறீர்கள். கூட்டம் பிடிக்காதவர் செய்கிற காரியமா இவை? ஊர்க் கூட்டம் அத்தனையும் பிடிக்கிறது, கட்டிய கணவரின் தொண்ணூறாவது பிறந்தநாள் கூட்டம் மட்டும் பிடிக்கவில்லை என்றால், பெற்ற பிள்ளைக்கு அது ஏன் என்று ஒரு கணமாவது தோன்றியிருக்க வேண்டாமா? மண்டப வாடகையை மூன்று இடங்களில் விசாரித்த மனிதர் நீங்கள். வீட்டுக்குள் இருக்கிற ஒருவரை ஒரு கேள்வி கேட்கவில்லை.

உங்கள் அப்பா சொல்லும் முகாமைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அவர் சொல்வதில் பொய் கிடையாது. 1948 ஜூன் 16ஆம் தேதி உங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் கொல்லப்பட்டு, இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; 1960 ஜூலை 31ஆம் தேதி வரை அது நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் இங்கே வந்து இறங்கிய பிரிட்டிஷ் சிப்பாய்களில் பெரும்பகுதியினர் கட்டாய ராணுவச் சேவைக்குப் பிடித்து அனுப்பப்பட்ட பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். 1955இல் மலாயாவுக்கு வந்த ஆஸ்திரேலியர்களும், நியூசிலாந்துக்காரர்களும் பின்னர் பேராக்கில் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். காட்டுக்குள் போனால் வாரக்கணக்கில் அட்டைக்கடியும் மழையும்தான். எதிரியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். முகாமுக்குத் திரும்பியதும் கிடைக்கிற சில நாட்களில் அந்தப் பையன்கள் குடியிலும், சண்டையிலும், டவுனில் வாங்கி வரும் நோயிலும் சீரழிந்து போகாமல் பார்த்துக்கொள்வது அதிகாரிகளுக்குத் தனிக் கவலையாக இருந்தது. அதனால்தான் கேளிக்கையை ஒரு தனி இலாகா போலவே நடத்தினார்கள். நாஃபி என்ற அமைப்பு காண்டீனையும் பீரையும் கவனித்தது. ஆர்மி கினிமா கார்ப்பரேஷன் படச்சுருள்களை அனுப்பியது. இங்கிலாந்திலிருந்து பாட்டுக்காரர்களும் கோமாளிகளும் குழுவாக வந்து முகாம் முகாமாக நிகழ்ச்சி நடத்தினார்கள். மகளிர் தன்னார்வச் சேவையைச் சேர்ந்த பெண்கள் வந்து தங்கி, ஓய்வறைகளைப் பராமரித்து, வீட்டுக்குக் கடிதம் எழுதும்படி பையன்களைத் தூண்டினார்கள். விடுமுறை கிடைத்தவர்கள் பினாங்கில் தஞ்சோங் பூங்கா என்ற கடலோரப் பகுதியில் இருந்த சாண்டிகிராஃப்ட் ஓய்வு இல்லத்தில் கடலில் குளித்துவிட்டு வந்தார்கள். சிப்பாய்கள் பணம் வைத்து ஆடுவதற்குப் பிரிட்டிஷ் ராணுவ விதி இடம் கொடுத்த ஒரே ஆட்டம் தம்போலா. பதினொன்று என்ற எண் வந்தால் உங்கள் அப்பா இன்றைக்கும் 'லெக்ஸ் இலெவன்' என்று கத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அது அந்த மேடையிலிருந்து அவர் காதில் விழுந்து தங்கிப்போன குரல்தான்.

சம்பளத் தேதி வரை கடனுக்குத் தேநீரும், பொரித்த முட்டை வைத்த ரொட்டியும் கொடுத்து, யார் யார் எவ்வளவு பாக்கி என்பதை மனப்பாடமாக வைத்திருந்த வேலை உங்கள் அப்பாவுடையது. மானம் போய்விட்டதாகக் குதிக்கும் உங்கள் தம்பிக்கு ஒரே ஒரு பதில் போதும்: அந்தக் கிளாஸ் கழுவிய கூலியில்தான் உங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. பால்மரம் வெட்டியவனும் வெள்ளைக்காரனின் தோட்டத்தில்தான் வெட்டினான்; அதில் போகாத மானம் காண்டீனில் மட்டும் எப்படிப் போகும்? தம்பி விஷயம் இத்துடன் முடிந்தது.

இப்போது உங்கள் அம்மாவிடம் வருகிறேன். ஊரடங்கு காரணமாக இரவில் வீடு திரும்ப முடியாது, ஆகவே அப்பா முகாமிலேயே தங்கிவிடுவார், ஞாயிறு பகலில்தான் தோட்டத்துக்கு வருவார் என்று அவருடைய அனுபவக் கதைகளுக்கு நடுவே எழுதிச் செல்கிறீர்கள். நீங்கள் பிறந்தது 1958 என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு வரிகளையும் சேர்த்து வைத்துப் படித்துப் பார்த்தீர்களா? காட்டிலிருக்கும் கெரில்லாக்களுக்கு உணவு போகாமல் தடுக்க, ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் புதுக்கிராமங்களில் கொண்டுபோய்க் குடியமர்த்திய அதே திட்டத்தின் கீழ், தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளையும், ஒன்று சேர்த்து, சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். பொழுது சாய்ந்தால் வாசல் பூட்டப்படும். விடியற்காலையில் வெட்டுக்குப் போகிறவர்களை வேலி வாசலில் நிறுத்தி, காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோகிறார்களா என்று உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண்களை வைத்திருந்தார்கள். டின்னில் அடைத்த உணவை விற்றால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், பதுக்கி வைக்க முடியாதபடி. 1953இல் மலாக்காவின் ஒரு பகுதியை வெள்ளைப் பகுதி என்று அறிவித்து இந்தக் கெடுபிடிகளை நீக்கினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வட்டாரமாக விடுபட்டது. உங்கள் ஊருக்கு அந்த அதிர்ஷ்டம் தாமதமாகத்தான் வந்தது. 1958 தொடக்கத்திலிருந்து 1959 வரை நடு பேராக்கில் 'ஆபரேஷன் ஜிஞ்சர்' என்ற பெயரில் உணவுக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்கினார்கள்.

அதாவது, ஐயா, நாடு சுதந்திரம் பெற்று ஓராண்டு ஆன பிறகும், இருபது வயதுப் பெண் ஒருத்தி முள்வேலிக்குள், பூட்டிய லயத்து அறையில், கணவர் இல்லாமல் ஒரு கைக்குழந்தையோடு இரவுகளைக் கழித்திருக்கிறாள். அந்தக் கைக்குழந்தை வேறு யாருமில்லை, இந்தக் கடிதத்தை எழுதிய நீங்கள்தான். வேலி முகாமைச் சுற்றியும் இருந்தது, லயத்தைச் சுற்றியும் இருந்தது. இரண்டும் ஒரே அரசாங்கம் போட்ட முள்கம்பி. ஒரு வேலிக்குள் பையன்கள் சலித்துப் போகக் கூடாது என்று கடல் கடந்து பாட்டுக்காரர்களை வரவழைத்தார்கள். இன்னொரு வேலிக்குள் இருந்தவர்கள் சலித்துப் போவார்களா, பயந்து போவார்களா என்பது யாருடைய கவலையாகவும் இல்லை. தகவல் இலாகா வண்டி எப்போதாவது தோட்டத்துக்கு வந்து திரை கட்டும். காட்டிலிருப்பவர்களுக்கு உதவாதீர்கள் என்ற பிரசாரம் முதலில், படம் பிறகு. ஆண்களுக்காவது கள்ளுக்கடை இருந்தது. அந்த நிலையில், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும் கணவர், முந்தின இரவில் பார்த்த படத்தையும் ஆட்டத்தையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வதை ஒரு பெண் எப்படிக் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறீர்கள்? அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே கதையைக் கேட்டிருக்கிறார். இப்போது அதற்கு மேடை போட்டு, பேண்டு வைத்து, மாலை மரியாதையோடு அவரை முன்வரிசையில் உட்கார வைக்கப் போகிறீர்கள். அவர் மறுத்துப் பேசவில்லை, அழவில்லை. செம்மோருக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்கிறார். நம் வீட்டுப் பெண்கள் பலர் கோபத்தைச் சொல்லும் விதம் இதுதான் என்பதை அறுபத்தேழு வயதில் உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

அவர் மனத்தில் இருப்பது இதுதான் என்று நான் சாதிக்கவில்லை. வேறு ஏதாவது பழைய வருத்தம் இருக்கலாம். அப்பா பெருமையாகக் காட்டும் நடனக்காரிகளின் புகைப்படமாக இருக்கலாம். வெறும் முழங்கால் வலியாகக்கூட இருக்கலாம். என்னவென்று தெரிந்துகொள்ளும் கடமை உங்களுடையது, என்னுடையது அன்று. தகப்பனின் ஆசையை நிறைவேற்றுவது பிள்ளையின் கடமை என்று மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். சரிதான், நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் கேட்டு வாங்குகிறவருக்குச் செய்வது சுலபமான கடமை. வாய் திறந்து எதையும் கேட்டுப் பழகாதவருக்கு என்ன வேண்டும் என்று நாமே அறிந்து செய்வதில்தான் மூத்த மகன் என்கிற சொல்லுக்கு வேலை இருக்கிறது. இதில் சலுகை கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே, அப்பா கோயிலுக்கோ கிளினிக்குக்கோ போயிருக்கும் ஒரு பகலில் அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள். ஏன் விழாவுக்கு வரமாட்டேன் என்கிறீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். அது குற்றம் சாட்டுவதாகிவிடும், அவரும் உடனே கூட்டம் பிடிக்காது என்று சொல்லி முடித்துவிடுவார். நான் பிறந்த வருஷம் ராத்திரியில் நீங்கள் தனியாக என்னம்மா செய்தீர்கள், பக்கத்து அறையில் யார் இருந்தார்கள், எனக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். தங்கையையோ மருமகளையோ தூது அனுப்ப வேண்டாம். தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பதிவு செய்யவும் வேண்டாம். பேட்டி எடுப்பது போல் இருந்தால் எந்தத் தாயும் பேசமாட்டார். அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கே அப்பாவுக்காக வாதாடாதீர்கள்.

அடுத்து அப்பாவிடம் போங்கள். தொண்ணூறு வயதுக்காரரின் மனத்தைப் புண்படுத்தக் கூடாது என்று நீங்கள் தயங்குவது தெரிகிறது. தம்போலா எண்களைப் பிசகாமல் சொல்லுகிறவருக்கு ஒரு கேள்வியைத் தாங்கும் தெம்பு இருக்கிறது. அம்மா இல்லாமல் இந்த விழா நடக்காது என்று நேராகச் சொல்லுங்கள். முகாமில் படம் போடும்போது திரைக்குப் பின்பக்கம் நின்றுதான் பார்ப்பாராம், எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரியுமாம் என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, முன்பக்கம் ஏன் போய் உட்காரவில்லை என்று அவரிடம் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? அதிகாரிகளுக்கு ஒரு மெஸ், சார்ஜண்டுகளுக்கு இன்னொன்று, சிப்பாய்களுக்குக் காண்டீன், அதற்கும் கீழே கவுண்டருக்குப் பின்னால் இவர். அந்தச் சனிக்கிழமை இரவுகளில் அவருக்கும் நாற்காலி கிடைக்கவில்லை என்பதை அவர் மனைவியிடம் ஒருமுறையாவது சொல்லியிருந்தால், அவர்களுக்குள் இத்தனை காலம் இந்த மௌனம் இருந்திருக்காதோ என்னவோ. இது என் ஊகம்தான்.

விழாவின் தேதியையும் இடத்தையும் அம்மா சொல்லட்டும். படமும் தம்போலாவும் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர் சம்மதித்த பிறகு. எல்லாம் பேசிய பின்னும் செம்மோருக்குத்தான் போவேன் என்று அவர் சொன்னால், வற்புறுத்தாமல் நீங்களே காரில் கொண்டுபோய் விடுங்கள். அங்கே அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அவர் போகச் சொன்ன பிறகு திரும்பி வாருங்கள். அப்பாவின் விழாவுக்கு மூத்த மகன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால் குடி முழுகிவிடாது. வந்தவர்கள் ஏன் என்று கேட்டால், அம்மாவைக் கொண்டுபோய் விடப் போயிருக்கிறான் என்று அப்பாவே பதில் சொல்லட்டும். கோயில் மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வராது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள், போனால் போகட்டும்.