உலகில் இதுவரை வந்த செயின்சாக்களிலேயே சிறந்தது எது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் இரண்டில் ஒருவராகத்தான் இருப்பார். யூடியூபில் யாரோ வெளிநாட்டுக்காரர் மரம் அறுப்பதை இரவு இரண்டு மணி வரை பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் வந்தவர். இல்லையென்றால் தோப்பில் மரம் விழுந்து கிடக்க, கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு மலைத்துப்போய் வந்தவர். நீங்கள் இரண்டாவது ஆள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நானும் அந்த ஆள்தான்.

நேரடிப் பதில் முதலில்: ஹஸ்க்வர்னா கம்பெனியின் 372 எக்ஸ்பி. 70.7 சிசி இன்ஜின். போட்டிக் கம்பெனியான ஸ்டிலின் ரசிகர்கள் உடனே 066-ஐயும் அதன் வாரிசான எம்எஸ் 660-ஐயும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது 90 சிசிக்கு மேல். பெரிய மரத்துக்கு ராஜாதான், மறுக்கவில்லை. அதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்து நிமிர்ந்து தூக்கிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம். பழைய ஆட்கள் ஸ்டிலின் 137 சிசி 090 என்பார்கள். அதைக் கையால் தொடக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை, அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. பட்டுக்கோட்டை பக்கம் நாலு ஏக்கர் தென்னை வைத்திருப்பவன். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் போன பிறகு, 280 மரத்தில் 190 மரம் தரையில் கிடந்தது. மரத்துக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அப்புறப்படுத்த 500 என்று அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்தது சரி, அறுப்பதற்கு ஆள் எங்கே? சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே நேரத்தில் மிஷின் தேடியது. சும்மா போட்டு வைக்கவும் முடியாது. விழுந்த மரம் மக்க ஆரம்பித்தால் காண்டாமிருக வண்டு அதில்தான் குடும்பம் நடத்தும், அடுத்து நிற்கிற மரத்தின் குருத்துக்குப் போகும்.

அவசரத்தில் நான் வாங்கியது 58 சிசி என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு சைனா மிஷின். பெயர் வேண்டாம், பாதிப் பேருக்கு அதே மிஷின் வேறு வேறு கலரில் வந்திருக்கும். முதல் நாள் மூன்று மரம். இரண்டாம் நாள் ஒரே மரத்தில் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். தென்னையின் வெளிப்பக்கம் இரும்பு, உள்ளே சோறு. வெளி வைரத்தில் செயினின் பல் மழுங்கிவிடும், உள்ளே போனால் ஈர நார் செயினைச் சுழற்றுகிற ஸ்ப்ராக்கெட் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டின், அதாவது பாரின், ஓரத்தில் புகை வந்தது, கொப்பரை கருகுகிற மாதிரி ஒரு வாசம். மிஷினையும் விற்றவனையும் அவன் பரம்பரையையும் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கூடலூரிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு அண்ணன் பக்கத்துத் தோப்பிலிருந்து வந்தார். சில்வர் ஓக் அறுத்தே வளர்ந்தவர். தோளில் 372. என் மிஷினை வாங்கி, கட்டை விரலால் ஒரு பல்லைத் தடவிவிட்டுச் சிரித்தார். “தம்பி, இது மண்ணைத் தின்னுருக்கு. கீழ தரையில பட்டுச்சா?” பட்டதுதான். பல முறை. ஓடுகிற செயின் மண்ணை ஒரு தரம் தொட்டாலே போதும், அன்றைய கூர் போச்சு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அடிக்கட்டையில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு அதில் என் மிஷினின் பாரைச் செருகி நிறுத்தினார். பையிலிருந்து 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே தள்ளு, திரும்ப இழுக்கும்போது அரம் பல்லில் படாது. பல்லுக்கு மூன்று தள்ளு, எண்ணி வைத்து. ஒரு பக்கத்துப் பல்லெல்லாம் முடித்துவிட்டு மறுபக்கம். பிறகு ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் காளையின் திமில் மாதிரி நிற்கிற மேட்டைத் தட்டை அரத்தால் லேசாக ஒரு தேய்ப்பு. அந்தத் திமில்தான் பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிக்கிறதாம். மொத்தம் இருபது நிமிஷம். அப்புறம் அதே சைனா மிஷின் அதே மரத்தில் பலாச்சுளை அறுப்பதுபோல் இறங்கியது. அதுவரை மாவாகக் கொட்டியது, இப்போது சீவல் சீவலாகப் பறந்தது.

அதற்குப் பிறகு பத்து நிமிஷம் அவருடைய 372-ஐயும் என் கையில் கொடுத்தார். மேலே சொன்ன தீர்ப்பு அந்தப் பத்து நிமிஷத்தில் வந்தது. பத்து நிமிஷத்தில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கையில் அதிர்வே இல்லாத மிஷின் எது என்று, அதற்கு முன் இரண்டு நாள் பூராவும் கை மரத்துப்போனவனுக்குத் தெரியும்.

ஆக, என்னைக் கேட்டால் சண்டை மிஷினைப் பற்றியே இருக்கக்கூடாது. ஜோசப் காக்ஸ் என்று அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் ஒரு மரவெட்டி இருந்தார். 1946-ல், ஒரு கட்டைக்குள் வண்டுப் புழு இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துக்கொண்டு போவதைப் பார்த்து, அதன் தாடை மாதிரியே வளைந்த பல் வைத்துச் செயின் செய்தார். இன்று எந்த மிஷினை எடுத்தாலும் ஓடுவது ஏறக்குறைய அந்தச் செயின்தான். நாங்கள் வண்டுப் புழுவைப் பார்த்தால் மருந்து அடிப்போம், அந்த மனுஷன் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. என் பதினோரு மரம் வரப்பைத் தாண்டிப் பங்காளி நிலத்தில் விழுந்திருந்தது. வேர் என் பக்கம், தலை அவர் பக்கம். “என் நெலத்துல கெடக்குறது என்னுது” என்று தேங்காயை இறக்கிக்கொண்டார், சரி. அறுக்கிற கூலி மட்டும் என் தலையில். அதோடு நிற்காமல் மறு வாரம் என் மிஷினையே இரவல் கேட்டார். கொடுத்தேன், பெரியப்பா மகன் ஆயிற்றே. திரும்பி வந்தபோது டேங்க் காலி, செயின் மறுபடியும் மண் தின்றிருந்தது, பிரேக் கைப்பிடி உடைந்திருந்தது. “வாங்கும்போதே அப்படித்தாண்டா இருந்துச்சு.” அவர் இந்தத் தளத்தில் இருக்கிறார். படிக்கட்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது ஐம்பது மரம் வைத்துக்கொண்டு மட்டை, கிளை கழிக்கத்தான் என்றால் 372 தேவையே இல்லை. ஸ்டில் எம்எஸ் 180 மாதிரி 30 சிசி சொச்ச மிஷின் போதும், உதிரி பாகம் உங்கள் டவுனில் கிடைக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். வேலை முடிந்ததும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. மாசக்கணக்கில் டேங்கில் கிடந்தால் ஈரத்தை இழுத்துக் கார்புரேட்டரைக் கெடுக்கும். (அரசியல் பேசவில்லை, கார்புரேட்டர் பேசுகிறேன்.)

வேரோடு சாய்ந்த மரத்தை அடியில் அறுக்கும்போது மட்டும் வேர்ப் பக்கம் பள்ளத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள். மரத்தின் கனம் போனதும் அடிக்கட்டை எழுந்து பழையபடி குழியில் போய் உட்காரும். எனக்கு அப்படி ஒரு கட்டை எழுந்தபோது, அரை நிமிஷம் முன்புவரை அந்தக் குழிக்குள் என் தூக்குச்சட்டியைத் தேடிக்கொண்டிருந்தான் என் மகன். சட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது.