புல்லி வாங்கும் முன் எண்ணெயைப் பாருங்கள்

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். 96,000 மைல் ஓடிய 2005 மாடல் மினி கூப்பர் எஸ் ஒன்றைப் போன மாதம் டீலரிடம் வாங்கினேன். பிக்கப் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று ஆசை. சூப்பர்சார்ஜருக்கு, இப்போது இருப்பதைவிட 15 சதவீதம் சின்ன புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) 120 பவுண்டுக்குக் கிடைக்கிறது, 19 சதவீதமும் அதே விலைதான். எதை வாங்கலாம்? வீட்டு வாசலில் வைத்து நானே மாற்றலாமா?

பதில்: 15 சதவீதப் புல்லியை வாங்குங்கள். ஆனால் இப்போதே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் இருப்பது ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர். இரண்டு ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாமல் சுழன்று, ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலக் காற்றை எஞ்சினுக்குள் தள்ளும் ரூட்ஸ் வகை. அதைச் சுற்றுவது எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க்கிலிருந்து வரும் பெல்ட். புல்லி சின்னதானால் ரோட்டர்கள் வேகமாகச் சுழலும், காற்று கூடும், பெட்ரோல் கூடும், சக்தி கூடும். இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. புல்லியின் விட்டம் 15 சதவீதம் குறைந்தால் ரோட்டர் வேகம் கூடுவது 15 அல்ல, 17.6 சதவீதம். 19 குறைந்தால் 23.5 கூடுகிறது. விளம்பரத்தில் நாலு சதவீத வித்தியாசமாகத் தெரிவது ரோட்டரில் ஆறு சதவீதமாகி நிற்கிறது.

அப்புறம் சூடு. ரூட்ஸ் வகை காற்றைத் தனக்குள்ளேயே அழுத்துவதில்லை, தள்ளிக்கொண்டே போகிறது. அதனால் சக்தியில் நிறைய வெப்பமாகிப் போகும். திறன் 55 சதவீதம் என்று வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு இது: 20 டிகிரியில் உள்ளே போகும் காற்று, ஃபேக்டரி நிலையில் ஏறக்குறைய 0.8 பார் பூஸ்டில் (வெளிக்காற்றைவிடக் கூடும் அழுத்தம்) 117 டிகிரியாக வெளியே வருகிறது. பூஸ்ட் 1 பாருக்கு ஏறினால் அதுவே 137 டிகிரி. இதை ஆற்ற வேண்டியது எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சின்ன இன்டர்கூலர். பானெட் திறப்பு வழியாக வரும் காற்றுதான் அதற்குத் துணை. லண்டன் போக்குவரத்து நெரிசலில் அந்தக் காற்று எங்கே வரும்? சூடான காற்று உள்ளே போனால் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிக்கும். நாக் சென்சார் அதைப் பார்த்ததும் தீப்பொறி போடும் நேரம் (டைமிங்) பின்னுக்குத் தள்ளப்படும். காசு கொடுத்து வாங்கிய சக்தியை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ திரும்ப எடுத்துக்கொள்கிறது. 19 சதவீதம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு இதுவே போதும்.

உங்கள் மாடலின் ஃபேக்டரி சக்தி 170 குதிரைத்திறன். மினிக்காரர்களே விற்ற ஜான் கூப்பர் வொர்க்ஸ் கிட் அதை 200க்கும் மேலே கொண்டுபோனது. ஆனால் அவர்கள் புல்லியை மட்டும் மாற்றவில்லை. சிலிண்டர் ஹெட், எக்ஸாஸ்ட், ஈசியூ எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினார்கள், புல்லியோ 11 சதவீதம்தான் சின்னது. ஃபேக்டரி ஈசியூ 15 சதவீதம் வரை சமாளித்துக்கொள்ளும் என்பது இந்த வண்டி வைத்திருப்பவர்களின் பொது அனுபவம். ஒரு படி குளிர்ந்த (வெப்பத்தை வேகமாகக் கடத்தும்) ஸ்பார்க் பிளக், புல்லிக்கு ஏற்ற நீளம் குறைந்த பெல்ட், இனி 97க்குக் குறையாத ஆக்டேன் பெட்ரோல், இந்த மூன்றையும் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டியில் வாட்டர் பம்பை ஓட்டுவதும் சூப்பர்சார்ஜர்தான். பின்பக்கம் இருக்கும் சின்னக் கியர்கள் வழியாகப் பம்ப் சுழல்கிறது. அந்தக் கியர்களுக்கென்று தனி எண்ணெய் உண்டு, எஞ்சின் ஆயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை மாற்றச் சொல்லி சர்வீஸ் அட்டவணையில் எங்கும் கிடையாது. இருபது வருடத்தில் அது மெல்லக் கசிந்து வற்றிப்போகும். கியர்கள் காய்ந்து தேய்ந்து ஒருநாள் பல் இழந்தால் பம்ப் நிற்கும், கூலன்ட் ஓட்டம் நிற்கும், சில நிமிடத்தில் ஹெட் போய்விடும். ஏற்கெனவே வற்றிய கியர்களை இன்னும் 17.6 சதவீதம் வேகமாகச் சுற்ற வைப்பதைத்தான் அந்த 120 பவுண்டு செய்யும். எஞ்சின் போன பிறகு "புல்லி போட்டேன், எஞ்சின் போயிற்று" என்று பழி புல்லிமேல் விழுகிறது. பல வண்டிகளில் நடந்தது எண்ணெய் வற்றியதுதான் என்று நான் நம்புகிறேன்.

அதனால் முதலில் சூப்பர்சார்ஜரைக் கழற்றி முன், பின் இரண்டு அறைகளிலும் எண்ணெய் மாற்றுங்கள். அதற்கென்றே விற்கும் சூப்பர்சார்ஜர் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும், எஞ்சின் ஆயில் ஆகாது. பழையது பயங்கரமாக நாறும், பயப்பட வேண்டாம், அது இயல்பு. பின் அறையில் சொட்டுகூட வரவில்லை என்றால்தான் கவலை. கழற்றிய கையோடு வாட்டர் பம்பையும் மாற்றிவிடுங்கள். கிராங்க் புல்லியையும் பாருங்கள்: அதன் நடுவில் ஒரு ரப்பர் வளையம் உண்டு, வயதானால் பிரிந்து வரும். என் பழைய மினியில் அது மோட்டார்வேயில் பிரிந்து பெல்ட்டைத் தின்றுவிட்டது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் இந்த வண்டியில் பலவீனமான இடம்தான்.

வீட்டிலேயே செய்ய முடியுமா? புல்லி மட்டும் என்றால், பொறுமையுள்ளவர் ஒரு சனிக்கிழமையில் முடிக்கலாம். வலது முன்சக்கரத்தைக் கழற்றி, எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, எஞ்சினைத் தாங்கும் அந்தப் பக்க மவுண்ட்டை விடுவித்தால் இடம் கிடைக்கும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஆக்ஸில் ஸ்டாண்ட் கட்டாயம். டென்ஷனர் ஸ்பிரிங் விரலை நசுக்கும், அதற்கான கருவியை வாடகைக்காவது எடுங்கள். பழைய புல்லி இறுக்கிப் பொருத்தியது, அதற்கென்றே வரும் புல்லரால்தான் கழற்ற வேண்டும். சுத்தியால் தட்டினால் உள்ளே பேரிங் போகும், சேமித்த கூலி பத்து மடங்காகத் திரும்பி வரும். ஆனால் எண்ணெய் வேலைக்கு வண்டியின் முன்பக்கத்தையே முன்னால் இழுக்க வேண்டும். முதல் தடவை என்றால் இந்த வண்டி தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், புல்லியையும் அவரே சேர்த்து மாற்றட்டும்.

சரி, ஏன் இப்போதே வேண்டாம் என்றேன்? போன மாதம் டீலரிடம் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, முதல் 30 நாளுக்குள் குறை தெரிந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகவே கொள்ளப்படும், அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது டீலர்தான். வண்டியின் வயதும் ஓட்டமும் கணக்கில் வரும் என்பது உண்மை. ஆனாலும் புல்லியை மாற்றிவிட்டால் டீலர் கையில் நீங்களே ஒரு சாக்கைக் கொடுத்ததாகிவிடும். முதலில் இருக்கிற நிலையிலேயே பரிசோதியுங்கள். சத்தம், கசிவு, தேய்மானம் ஏதாவது இருந்தால் எழுத்தில் டீலருக்குத் தெரிவியுங்கள். மாற்றம் அதற்குப் பிறகு.

மாற்றுவதற்கு முன் இன்ஷூரன்ஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். விபத்துக்குப் பிறகு பரிசோதிப்பவர் பார்ப்பார், அன்றைக்கு அவர்கள் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ இடம் உண்டு. போன் செய்து எவ்வளவு கூடும் என்று கேளுங்கள். அந்தத் தொகையையும் சேர்த்துப் பார்த்தால்தான் புல்லியின் உண்மையான விலை தெரியும்.

கேள்வி: நானும் இங்கிலாந்துதான். இதே வண்டிக்குப் பழைய சூப்பர்சார்ஜர் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். பார்சல் வந்து நாலு நாள் ஆகிறது. ரோட்டரில் கீறல் இருக்கிறது. திருப்பலாமா?

பதில்: விற்றவர் வியாபாரி என்றால் திருப்பலாம். இணையத்தில் வாங்கிய பொருளைக் கையில் கிடைத்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம், இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வண்டியில் மட்டும் பொருத்திவிடாதீர்கள், பயன்படுத்தியதற்காகப் பணத்தைப் பிடித்துக்கொள்ள அவருக்கு வழி கிடைக்கும். விற்றவர் தனியாள் என்றால் இந்த 14 நாள் கிடையாது. விளம்பரத்தில் "கீறல் இல்லை", "நல்ல நிலை" என்று எழுதியிருந்தால் அதை வைத்துக் கேட்கலாம், விளம்பரத்தை இப்போதே படமெடுத்து வையுங்கள். அப்படி ஒன்றும் எழுதாமல் விற்றிருந்தால், மன்னிக்கவும், வழி குறைவு.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். "எலக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்" என்று 2,500 ரூபாய்க்கு விற்கிறார்கள். ஏர் ஃபில்டர் குழாயில் மாட்டினால் போதுமாம். 12 வோல்ட், 4 ஆம்பியர் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பெட்டியில் போட்டிருப்பதே காட்டிக்கொடுக்கிறது: 12 வோல்ட்டை 4 ஆம்பியரால் பெருக்கினால் 48 வாட். உங்கள் வீட்டு மேசை விசிறி அளவு.

உங்கள் எஞ்சின் 6,000 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 3,600 லிட்டர் காற்றை இழுக்கும், அதாவது நொடிக்கு 60 லிட்டர். அவ்வளவு காற்றை வெறும் 0.3 பார் அழுத்தத்துக்கு ஏற்ற, துளி இழப்பில்லாத எந்திரத்துக்கே ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட்டில் அது 125 ஆம்பியரைத் தாண்டும். 2016ல் ஆடி தன் எஸ்க்யூ7 டீசல் காரில் உண்மையான மின் கம்ப்ரஸரைப் பொருத்தியபோது, அதற்காகவே தனியாக 48 வோல்ட் மின்சுற்று வைத்தது. அந்தக் கம்ப்ரஸர் 7 கிலோவாட் வரை எடுக்கும்.

எஞ்சின் வேகமாக இழுக்கும்போது இந்தச் சின்ன விசிறி உதவுவதற்குப் பதில் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஃபில்டரைத் தாண்டி எஞ்சின் பக்கம் மாட்டியிருந்தால், இறக்கைத் துண்டு ஒன்று உடைந்தால் நேராக எஞ்சினுக்குள் போகும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் விளம்பரத்தையும் பில்லையும் வைத்து விற்றவரிடம் பணம் கேளுங்கள், கொடுக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் செய்யலாம்.